புண்ணியக் கணக்கும் சம்பளக் கணக்கும்

வேலை போனவன் வீட்டுக்கு நாம் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பழமொழியும் கொண்டு போகிறோம். பழத்தைக் குழந்தைகள் தின்றுவிடுகின்றன. பழமொழியை மட்டும் அந்த மனிதன் தனியாக உட்கார்ந்து விழுங்க வேண்டியிருக்கிறது. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றாமலா போவான்?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நாம் கிளம்பிவிடுகிறோம். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் யார் கையில் குடத்தைக் கொடுத்து ஊற்றச் சொல்லியிருக்கிறான் என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

வேலை போவதில் பல வகை உண்டு. ஆலையை மூடிவிட்டார்கள் என்று போவது ஒன்று. ஆள் குறைப்பு என்று கடிதம் கொடுத்து அனுப்புவது இன்னொன்று. இவற்றிலாவது போனவனுக்குக் கையும் காலும் மிச்சம் இருக்கின்றன. வேறு வாசலில் போய் நிற்கலாம். நான் இங்கே பேச வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. சாரம் சரிந்து விழுந்த கொத்தனார், மரமறுக்கும் ரம்பத்தில் விரல்களைப் பறிகொடுத்த தொழிலாளி, லாரி கவிழ்ந்து முதுகுத் தண்டு முறிந்த டிரைவர், மின்கம்பத்திலிருந்து விழுந்த ஒயர்மேன், பனையிலிருந்து விழுந்த ஏறுதொழிலாளி ஆகியோருக்கு வேலை போகும்போது, அந்த வேலையைச் செய்த உடம்பும் கூடவே போகிறது. இவர்களிடம் போய்த் தைரியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறோமே, அதைத்தான் நான் கண்டிக்க விரும்புகிறேன்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகும் அன்பர்களில் பலர், தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்று ஓர் ஊர் இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் பிரசித்தம். அதைவிட, என் மதிப்பில், இன்னொரு காரணத்துக்காகவும் அந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும்.

ராமகிருஷ்ணன் என்ற ஆய்க்குடி இளைஞர் பொறியியல் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்பது அவர் ஆசை. 1975-ஆம் ஆண்டில் பெங்களூரில் நடந்த தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு இயங்கவில்லை. மற்றவர்களுக்கு உத்தியோகம் கிடைத்த பிறகு போகும். இவருக்குக் கையெட்டும் தூரத்தில் வந்த நாளிலேயே போய்விட்டது. இவருக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். அவர் பெயரால் 1981-ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்த அதே ஆண்டில், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை ராமகிருஷ்ணன் தொடங்கினார். சில குழந்தைகளுடன் தொடங்கியது அது. பிற்பாடு, தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த ஆடிட்டர் சங்கரராமன் அவருடன் சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடம், உடற்பயிற்சிச் சிகிச்சை, செயற்கை அவயவங்கள் செய்யும் கூடம், தொழிற்பயிற்சி, முதுகுத் தண்டு முறிந்தவர்களைத் தங்கவைத்துப் பழக்கும் இடம் என்று அது விரிந்தது. 2020-ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

இந்த வரலாற்றை நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் வழக்கு.

கதையாக்கிவிட்டோம். தன்னம்பிக்கை மாலையில் கோக்க ஒரு முத்தாக்கிவிட்டோம். பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர், "கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர் இவ்வளவு சாதித்தாரே, கையும் காலும் உள்ள உனக்கு என்ன கேடு?" என்று மாணவர்களைக் கேட்கிறார். சரி, மாணவர்களை அப்படிக் கேட்பதில் பாதகம் இல்லை. அதே கேள்வியைத் திருப்பி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் டிரைவரிடமும் கேட்கிறோமே, அது அக்கிரமம். "அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியாது?" இதைக் கேட்பவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் குற்றப் பத்திரிகை வாசிக்கிறார். வேலை போனது விபத்தால். ஆனால் திரும்பக் கிடைக்காதது உன் மனத்தின் பலவீனத்தால் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்.

நான் நாவல் எழுதிப் பிழைப்பவன். இந்த வியாதி எங்கள் தொழிலில் எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன். காலிழந்த பாத்திரத்துக்குக் கதையில் இரண்டே உத்தியோகங்கள்தாம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, கடைசி அத்தியாயத்தில் செத்துப் போய்க் கதாநாயகனின் நெஞ்சைக் கரைப்பது. இரண்டு, கடைசி அத்தியாயத்தில் மகா வெற்றி பெற்று வாசகரின் நெஞ்சைக் கரைப்பது. காலையில் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய், மேலதிகாரியைத் திட்டிக்கொண்டு, மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிற சாதாரண மனிதனாக அவன் இருப்பதை எந்தக் கதையிலாவது பார்த்திருக்கிறீர்களா? ஆனால் அவன் கேட்பதெல்லாம் அந்தச் சாதாரண வாழ்க்கையைத்தான். மேலதிகாரியைத் திட்டும் பாக்கியத்தைத்தான்.

ராமகிருஷ்ணனின் தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய தைரியம். ஆனால் தைரியத்தைச் சுற்றி வேறு என்ன இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைவிடாத மருத்துவர் இருந்தார். 1975-க்கும் 1981-க்கும் இடையில் ஆறு ஆண்டுக் காலம் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் அவரைத் தூக்கி உட்காரவைக்கவும், சோறூட்டவும், சொன்னதை எழுதவும் யாரோ வேண்டியிருந்திருக்கும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. லாரி டிரைவருக்கு ஆறு ஆண்டுகளை யார் கொடுக்கிறார்கள்? ஆறாவது வாரத்தில் அவன் மனைவி பீடி இலையும் தூளும் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஆறாவது மாதத்தில் மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறான். தைரியம் என்பது நம் நாட்டில் பஞ்சமான சரக்கு அல்ல. கால் ஊன்றும் வரைக்கும் காலம் கொடுக்கிற கைதான் பஞ்சம்.

இன்னொரு வரலாறு சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ஆம் ஆண்டில் கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று இருந்தவர். நின்றுகொண்டு செய்கிற வேலை அது; ஆகவே முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருக்கலாம். ஆனால் அங்கே பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையை வளர்த்துக்கொண்டிருந்தார். கையை அறுவைச் சிகிச்சை செய்ய நிற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? உட்கார்ந்தும் செய்யலாமே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி வர்கீஸ் அந்தச் சிகிச்சைகளைச் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை தாங்கினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் எது? அவருடைய தைரியம் மட்டுமா? வேலையை ஆளுக்குத் தக்கபடி திருப்பி வைத்தார்களே, அந்த இடத்தைக் கவனியுங்கள். "இந்த அம்மாளால் நிற்க முடியாது, ஆகையால் வேலை இல்லை" என்று அவர்கள் சொல்லவில்லை. "உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது?" என்று கேட்டார்கள். இரண்டும் ஒரே நிமிஷத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்விகள்தாம். முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்கு நித்திய பாரமாக ஒருவர் இருந்திருப்பார். இரண்டாவதைக் கேட்டதால் நாட்டுக்கு ஒரு மருத்துவத் துறை கிடைத்தது.

தென்காசிப் பக்கத்தில் மர அறுவை ஆலை வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி வாதாடினேன். அவர் நல்ல மனிதர். அவருடைய ஆலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்த ஒருவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் இவரே கொடுத்தார். கையில் ஒரு தொகையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி? ஆலை நடத்துதேன், சத்திரமா நடத்துதேன்?" என்றார்.

"அவனுக்கு மரத்தைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! கட்டையை மோந்து பார்த்தே தேக்கா, கோங்கான்னு சொல்லிப்புடுவான். எத்தனை கன அடி தேறும்னு கண்ணாலேயே அளந்துருவான்."

"மூக்கும் கண்ணும் போகவில்லையே, அண்ணாச்சி! விரல்தானே போயிற்று? மரம் வாங்கப் போகும்போது கூட்டிப் போகலாமே. வந்த தடியை அளந்து கணக்கு எழுதப் புது ஆள் ஒருவனை வைத்திருக்கிறீர்களே, அவனுக்குத் தேக்கு எது, கோங்கு எது என்று தெரியுமா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மத்தவன் என்ன சொல்லுவான்? கையில்லாதவன் உக்காந்து சம்பளம் வாங்குதான்னு பேசமாட்டானா?" என்றார்.

இந்தப் பதிலுக்காக அவரை நான் மதிக்கிறேன். ஏனென்றால் உண்மையான காரணத்தை அவர் ஒளிக்கவில்லை. பணம் ஒரு தடை அல்ல. கொடுத்த தொகையைவிடச் சம்பளம் அவருக்குப் பெரிய பாரமாகியிருக்காது. ஏனெனில் சம்பளத்துக்கு ஈடாக அவனுடைய பதினாறு வருஷ அறிவு அவருக்குக் கிடைத்திருக்கும். தடை நம் மனத்தில் இருக்கிறது. உடம்பு நோகச் செய்வதுதான் வேலை, அறிவைக் கொண்டு செய்வது சலுகை என்று தொழிலாளி விஷயத்தில் மட்டும் நாம் நினைக்கிறோம். குமாஸ்தா உட்கார்ந்து சம்பளம் வாங்கினால் யாரும் பேசுவதில்லை அல்லவா?

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், எந்த அவயவம் போனால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று பட்டியலே போட்டது. கட்டை விரல் போனால் நூற்றுக்கு 30. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. விலைப் பட்டியல் நல்லதுதான். ஆனால் நூற்றுக்கு 30 போனவனிடம் மிச்சமிருக்கும் 70-ஐ யார் வேலைக்கு வைத்துக்கொள்வது என்று பட்டியல் சொல்லவில்லை.

1995-ஆம் ஆண்டில் வந்த சட்டம் அதைச் சொன்னது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலைக்கு ஏலாது என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலையும் இல்லையென்றால், கிடைக்கும் வரையில் அல்லது ஓய்வு பெறும் வயது வரையில், அவருக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காவல் பணியில் காலை இழந்த குணால் சிங் என்பவரின் வழக்கில் 2003-இல் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. 'பென்ஷன்தான் கொடுத்துவிட்டோமே' என்ற வாதம் எடுபடவில்லை. 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால், வாசக நேயர்களே, இதெல்லாம் அரசாங்க நிறுவனங்களுக்கு. தனியார் முதலாளிகள் விஷயத்தில் அதே சட்டம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. வேலையாட்களில் நூற்றுக்கு 5 பேராவது இத்தகையவர்களாக இருக்கும்படி அரசு ஊக்கம் தருமாம்; அதுவும் தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. சாரத்திலிருந்து விழுகிற கொத்தனாரும், லாரியில் போகிற டிரைவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்களா?

கட்டாயப்படுத்தினால் தொழில் அழிந்துவிடும் என்பார்கள். ஜெர்மனியில் முதல் உலக யுத்தத்தில் அங்கம் இழந்து திரும்பியவர்களுக்கு முதலாளிகள் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று 1920-இலேயே சட்டம் செய்தார்கள். இன்றும் அங்கே 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் நூற்றுக்கு 5 இடங்களைக் கடும் ஊனமுற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்; இல்லையேல் தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பணம் இத்தகையவர்களை வேலையில் அமர்த்தவும், வேலையிடங்களை அவர்களுக்கு ஏற்றபடி திருத்தவும் போகிறது. ஜெர்மானியத் தொழில் இதனால் அழிந்துவிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நாமோ பெயர் மாற்றுவதில் சூரர்கள். 'முடவன்' என்பது அநாகரிகம் என்று 'ஊனமுற்றவர்' என்றோம். அதுவும் நோகும் என்று 'மாற்றுத் திறனாளி' என்றோம். அழகான சொல். வேறு திறன் இருக்கிறது என்று சொல்லாலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம். அப்படியானால் அந்தத் திறனுக்குச் சம்பளம் எங்கே? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இத்தகையோர் 2 கோடியே 68 லட்சம் பேர். இத்தனை பேருக்கும் பெயர் மாற்றத் தெரிந்த நமக்கு, ஒரே ஒருவனுக்கு வேலையை மாற்றி வைக்கத் தெரியவில்லை.

ஆய்க்குடி என்றால் ஆய் அண்டிரனின் ஊர் என்று சொல்வது வழக்கம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். அவனைப் புறநானூற்றில் திரும்பத் திரும்பப் பாடிய புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பெயரிலேயே 'முடம்' இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் புலவர் தம் அரசனைப் புகழ எடுத்துக்கொண்ட காரணம் மிகவும் விசேஷமானது. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் லாபம் வரும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி அல்ல ஆய் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஒரு முடமோசியார், கொடுப்பவனுடைய புண்ணியக் கணக்கைக் கண்டு முகம் சுளித்திருக்கிறார்! ஆய் அவருக்குக் கொடுத்ததைப் பிச்சை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் பாடினார், அவன் கொடுத்தான். அது தொழிலுக்குக் கிடைத்த ஊதியம்.

நாமோ அறவிலை வாணிகத்தில் கைதேர்ந்தவர்கள். பிள்ளையின் பிறந்த நாளன்று இல்லத்துக் குழந்தைகளுக்கு ஒரு வேளை வடை பாயசத்தோடு சாப்பாடு போடுகிறோம். போட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; பசிக்கிற வயிறு தர்க்கம் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சாப்பாடு சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அங்கே படித்து, தையலோ கணக்கோ கம்ப்யூட்டரோ கற்றுக்கொண்டு ஒரு பெண் வெளியே வருகிறாளே, அவள் விண்ணப்பத்தோடு நம் அலுவலகத்துக்கு வரும்போது, "மாடியில் ஆபீஸ், லிப்ட் கிடையாதே அம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். சாப்பாடு போட்டவரும் நாம்தான். திருப்பி அனுப்பியவரும் நாம்தான். புண்ணியக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, சம்பளக் கணக்கில் கதவைச் சாத்துகிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் பெரிய ஆலை முதலாளிகள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மேலாளர்கள் இருப்பீர்கள். தலைமை ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், கடைக்காரர்கள், அச்சகம் நடத்துகிறவர்கள், நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் நான் அனுதாபம் கேட்கவில்லை. அனுதாபம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. உங்களிடம் வேலை செய்தவன் அடிபட்டுப் படுத்தால், வசூல் பண்ணிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். அவன் இடத்துக்கு வேறு ஆளை நிரந்தரமாக்கும் முன் ஆறு மாதமாவது பொறுங்கள். நடக்க முடியாமல் வந்தால், உட்கார்ந்து செய்யும் வேலை உங்களிடம் எது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நீங்களே ஆச்சரியப்படும்படி பட்டியல் நீளும். மாடியிலுள்ள மேஜை ஒன்றைக் கீழே இறக்கிப் போட இரண்டு கூலியாட்களும் அரை மணி நேரமும் போதும். அவன் செய்த வேலை மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல்லுங்கள். தாட்சணியத்துக்காகச் சகித்துக்கொள்வது அவனை மறுபடியும் வேலையிலிருந்து நீக்குவதற்குச் சமானம்.

மாதம் பிறந்ததும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கவிட்டுச் சம்பளத்தைக் கொடுங்கள். அது குறைச்சல் என்று அவன் முணுமுணுத்தால் சந்தோஷப்படுங்கள். நன்றி சொல்லிக் கும்பிடுகிறவரைக்கும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றே அர்த்தம். சம்பள உயர்வு கேட்கிற அன்றைக்குத்தான் அவன் வேலைக்குத் திரும்பியிருக்கிறான்.